இண்டு இடுக்கில் நுழையும் தரை தேய்க்கும் இயந்திரம்: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது

பெரிய மண்டபங்களில் ஓடும் தரை தேய்க்கும் இயந்திரத்தைப் பார்த்து, இதையே பாதியாகச் சுருக்கினால் கழிவறைக்கும் அலமாரி இடுக்குக்கும் ஒன்று கிடைத்துவிடும் என்று நினைக்கத் தோன்றும். அப்படிக் கிடைப்பதில்லை. இயந்திரத்தின் எடை குறைந்தால் பிரஷ்ஷின் அழுத்தமும் குறையும். டேங்க் சின்னதானால் அடிக்கடி நிரப்ப வேண்டும். தரையில் பரவும் தண்ணீரோ உங்கள் இயந்திரம் சின்னது என்பதற்காகத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளாது.

புதிதாக இறங்குகிறவர்கள் பெரும்பாலும் பிரஷ்ஷிலும் மோட்டாரிலும் நேரத்தைக் கொட்டுகிறார்கள். என் கணக்கில் தேய்ப்பது சுலபமான பாதி. தேய்த்த அழுக்குத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் திரும்ப எடுப்பதும், நான்கு அடி தள்ளி நிற்கும் ஒருவர் கை வலிக்காமல் இயந்திரத்தை இடுக்குக்குள் செலுத்துவதும்தான் கஷ்டமான பாதி. கீழே வரும் படிகளில் அந்த இரண்டுக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: முதலில் இடத்தை அளங்கள்

கணினியில் வரையத் தொடங்கும் முன் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போங்கள். மூன்று எண்கள் வேண்டும்: இயந்திரம் நுழைய வேண்டிய மிகத் தாழ்வான உயரம், மிகக் குறுகலான அகலம், அந்த இடுக்குக்குள் எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்பது. சமையலறைக் கீழ்அலமாரிகளின் அடியில் கால் நுழைவதற்காக விடும் பள்ளம் சாதாரணமாக 10 செ.மீ. உயரம் இருக்கும். அதற்குள் பிரஷ் போக வேண்டுமானால் பிரஷ், அதன் மூடி, மோட்டார் எல்லாம் அந்த 10 செ.மீ.க்குள் அடங்க வேண்டும். "பெரும்பாலான இடங்களுக்குப் போதும்" என்று 14 செ.மீ.யில் நிறுத்தினால் அந்தப் பள்ளம் எப்போதும் கையால்தான் துடைக்கப்படும்.

அடுத்து, திரும்பும் இடம். நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்ற வேண்டுமானால் பாதையின் அகலம் இயந்திரத்தின் மூலைவிட்டத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். 60 செ.மீ. நீளமும் 38 செ.மீ. அகலமும் உள்ள ஓர் இயந்திரத் தளத்துக்கு மூலைவிட்டம் 71 செ.மீ. பாதை 65 செ.மீ. என்றால் அது உள்ளே போகும், ஆனால் திரும்பாது. அப்படியே பின்னால் இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்படியானால் பின்னால் வரும்போதும் தண்ணீரை உறிஞ்சியாக வேண்டும். ஒரே ஒரு அளவு வைப்பரின் (தண்ணீரை வழித்து எடுக்கும் ரப்பர் பட்டைகளின்) அமைப்பையே மாற்றிவிடுகிறது, பாருங்கள்.

அளந்த கையோடு அட்டையிலோ ஒட்டுப்பலகையிலோ ஒரு போலி உருவம் செய்யுங்கள். அடியில் சக்கரம், ஒரு நீளக் குச்சி, உள்ளே எதிர்பார்க்கும் எடைக்கு மணல். அதைத் தள்ளிக்கொண்டு வாசற்படி, குழாய் முட்டு, கழிவறைப் பீடத்தின் பின்பக்கம் என்று எல்லா இடமும் போய்ப் பாருங்கள். இங்கே முட்டுவது நாளைக்கு நிச்சயம் முட்டும்.

படி 2: எந்த பிரஷ்?

மூன்று வகை இருக்கின்றன: வட்டத் தட்டு, உருளை, சதுர அதிர்வுத் தளம்.

வட்டத் தட்டு எளிது, விலை குறைவு, பேடும் (தேய்க்கும் தட்டைத் திண்டு) மாட்டலாம் பிரஷ்ஷும் மாட்டலாம். ஆனால் வட்டம் மூலைக்குள் போகாது. ஆரம் 14 செ.மீ. உள்ள தட்டை இரண்டு சுவர் சேரும் மூலையில் ஒட்டி வைத்தால், மூலையின் முனைக்கும் தட்டுக்கும் இடையே 5.8 செ.மீ. எட்டாமல் நிற்கும். (ஆரத்தை 0.414ஆல் பெருக்கினால் இந்த எண் வரும்.) அதோடு மூடியின் தடிமனும் சேரும். ஆரத்தை 7.5 செ.மீ. ஆக்கி இரண்டு தட்டு வைத்தால் இடைவெளி 3.1 செ.மீ.க்கு இறங்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் சுற்றினால் இயந்திரம் ஒரு பக்கமாக இழுக்காது என்பது கூடுதல் லாபம்; ஒற்றைத் தட்டு இயந்திரத்தை முதல்முறை பிடித்தவர்களுக்கு அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று தெரியும். ஒரு கவனம்: இரண்டு தட்டையும் பக்கம்பக்கமாக ஒரே கோட்டில் வைத்தால் நடுவில் தேய்படாத ஒரு கோடு விழும். ஒன்றைச் சற்று முன்னாலும் மற்றதைப் பின்னாலும் தள்ளி, பாதைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வையுங்கள்.

உருளை பிரஷ் டைல்ஸ் இணைப்புக் கோடுகளுக்குள் நன்றாக இறங்கும். சிறு குப்பையையும் ஒரு தட்டில் அள்ளிப் போட்டுவிடும். சுவரோரம் நேர்க்கோடாகப் போகும். அதன் பலவீனம் பக்க முனைகளில்: அங்கே தாங்கியும் மூடியும் இருக்கும், அந்த அகலம் தேய்படாது. ஒரு முனையிலாவது தாங்கியை உள்ளே தள்ளி, பிரஷ் முடி ஓரம்வரை வரும்படி செய்தால் அந்தப் பக்கத்தைச் சுவரோரம் ஓட்டலாம். தலைமுடியும் நூலும் சுற்றிக்கொள்ளும் என்பதால் கருவி இல்லாமல் கழற்றும் அமைப்பு கட்டாயம்.

சதுர அதிர்வுத் தளம் மூலைக்குள் ஏறக்குறைய முழுசாகப் போகும். சில மில்லிமீட்டர் வட்டத்தில் வேகமாக அதிரும். ஆனால் அந்த அதிர்வு கைப்பிடிக்கும் ஏறும், அதைப் பிறகு பார்ப்போம். பள்ளம் மேடான தரையில் தட்டையான பேட் பள்ளத்தைத் தொடாது.

என்னைக் கேட்டால், டைல்ஸ் அதிகம் உள்ள ஈரமான இடங்களுக்கு உருளை, வழவழப்பான தரையும் நிறைய மூலைகளும் உள்ள இடத்துக்குச் சதுரம். இரட்டைத் தட்டு இரண்டுக்கும் நடுவில் சமரசமாக நிற்கிறது.

படி 3: அழுத்தமும் மோட்டாரும்

கணக்கு கஷ்டமில்லை. தட்டின் மேல் சீராக அழுத்தம் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், முறுக்குவிசை என்பது உராய்வு எண் × அழுத்தும் விசை × ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உராய்வு எண்ணை 0.4 என்று வைப்போம். விசை 150 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 15 கிலோ எடை. ஆரம் 0.14 மீட்டர். வருவது 5.6 நியூட்டன் மீட்டர். நிமிடத்துக்கு 180 சுற்று என்றால் 106 வாட். கியரிலும் மோட்டாரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 140 வாட் என்று கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டை இரண்டாகப் பிரித்தால் மின்சாரம் மிச்சமாகுமா? ஆகாது. சிறிய தட்டின் விளிம்பு அதே வேகத்தில் ஓட வேண்டுமானால் சுற்று வேகத்தைக் கிட்டத்தட்ட 335க்கு ஏற்ற வேண்டும், வாட் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

0.4 என்பது வெறும் தொடக்க எண். முரட்டுத் தரையிலும் புது பேடிலும் உராய்வு ஏறும். மாதிரி இயந்திரம் கையில் வந்ததும் வெவ்வேறு தரைகளில் மோட்டாரின் ஆம்பியரை அளந்து திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த 15 கிலோ எங்கிருந்து வரும்? இயந்திரத்தின் சொந்த எடையிலிருந்துதான். ஆகவே பேட்டரியைக் கைப்பிடிப் பக்கம் மாட்டாமல் பிரஷ்ஷுக்கு மேலேயோ மிக அருகிலோ வையுங்கள். மேலே வைத்தால் உயரம் கூடுமே என்றால், ஆமாம், இந்த வேலையின் நிரந்தரச் சண்டை அதுதான். தப்பிக்க வழிகள்: மோட்டாரைப் பக்கத்தில் படுக்க வைத்துப் பெல்ட்டால் இழுப்பது, தட்டையான பிரஷ்ஷில்லா மோட்டார் (உள்ளே கார்பன் பிரஷ் இல்லாத வகை) போடுவது, உருளையாக இருந்தால் மோட்டாரை உருளைக்குள்ளேயே நுழைத்துவிடுவது. கடைசி வழி உயரத்தை நன்றாகக் குறைக்கும், ஆனால் உள்ளே சூடு வெளியேற வழி யோசிக்க வேண்டும்.

படி 4: தண்ணீர் விடுவது

குறைவாக விடுங்கள். 30 செ.மீ. அகலத்தில், நிமிடத்துக்கு 25 மீட்டர் நடந்து, நிமிடத்துக்கு 0.4 லிட்டர் விட்டால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 53 மில்லி வரும். அதாவது தரைமேல் 0.05 மி.மீ. படலம். தினசரி அழுக்குக்கு இது போதும். பிசுக்கு அதிகமுள்ள இடத்துக்கு இரண்டாவது வேகம் ஒன்று வைக்கலாம்.

டேங்க்கை உயரத்தில் வைத்துத் தானாக வழிய விடும் முறை பெரிய இயந்திரத்துக்குச் சரி. இங்கே சரிவராது: மட்டம் குறையக் குறைய வேகமும் குறையும், கைப்பிடியைச் சாய்த்து இடுக்குக்குள் நுழைத்தால் ஓட்டமே நின்றுவிடலாம். சிறிய பம்ப் ஒன்று போடுங்கள். வட்டத் தட்டுக்கு நடுவில் விட்டால் சுற்றும் வேகமே விளிம்புக்குப் பரப்பிவிடும். உருளைக்கு நீளவாக்கில் ஓட்டை போட்ட குழாய் வேண்டும். பிரஷ் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஓட்டுபவர் நாற்காலியை நகர்த்தப் போன நேரத்தில் அடியில் குட்டை கட்டும்.

படி 5: தண்ணீரைத் திரும்ப எடுப்பது

இங்கே நிதானமாக உட்காருங்கள்.

வைப்பர் என்பது இரண்டு ரப்பர் பட்டைகள். முன்பட்டையின் அடியில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும், அவற்றின் வழியாகத் தண்ணீரும் காற்றும் உள்ளே நுழையும். பின்பட்டை வழவழப்பாக, தரையை முழுதும் ஒட்டி மூடும். இரண்டுக்கும் நடுவில் உறிஞ்சும் காற்று ஓடும். பின்பட்டையின் நுனி தரையில் பட்டுச் சற்றுப் பின்னோக்கி மடங்கி, ஒரு விளிம்பு மட்டும் சுரண்ட வேண்டும். அதிகம் அழுத்தினால் ரப்பர் படுத்துக்கொள்ளும், விளிம்புக்குப் பதில் பக்கம் உரசும், கோடுகோடாக ஈரம் நிற்கும். அழுத்தம் போதாவிட்டால் நடுவில் தூக்கிக்கொள்ளும். வைப்பர் உயரத்தையும் சாய்வையும் தனித்தனியாகத் திருத்த இரண்டு திருகுகளாவது வேண்டும். மாதிரி இயந்திரத்தில் இதை மறந்தால் ஒவ்வொரு சோதனைக்கும் புதுத் துண்டு செய்துகொண்டிருப்பீர்கள்.

ரப்பர் எது? இயற்கை ரப்பர் மென்மையானது, நன்றாக வழிக்கும். எண்ணெய் பட்டால் ஊதிப் போகும். சமையல் இடங்களுக்கும் பட்டறைக்கும் பாலியூரித்தேன். பட்டையை நான்கு விளிம்பும் பயன்படும்படி சமச்சீராக வெட்டினால், தேய்ந்ததும் திருப்பிப் போட்டு நான்கு மடங்கு உழைக்க வைக்கலாம்.

காற்றுக்கு வருவோம். குழாய்க்குள் தண்ணீர்த் துளிகளை இழுத்துக்கொண்டு மேலே போக, காற்று விநாடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடட்டும் என்று தொடங்குங்கள். 32 மி.மீ. உள்விட்டக் குழாயில் அது விநாடிக்கு 16 லிட்டர். தண்ணீரை 30 செ.மீ. உயரம் தூக்க மட்டுமே ஏறக்குறைய 3 கிலோபாஸ்கல் போகும். குழாயின் வளைவும் ரப்பர் இடைவெளியும் தங்கள் பங்கைக் கேட்கும். சிறு இயந்திரத்தில் பெரிய உறிஞ்சு மோட்டார் போட்டு அடிப்பதைவிட வைப்பரைக் குறுக்கி, குழாயை நேராகவும் குட்டையாகவும் வைப்பது நல்லது. பெரிய மோட்டார் பேட்டரியையும் தின்னும், காதையும் கிழிக்கும்.

இன்னும் மூன்று விஷயங்கள் புதியவர்கள் கண்ணில் படாமல் போகும்.

ஒன்று, சக்கரம். வைப்பருக்குப் பின்னால் சக்கரம் இருந்தால், அது ஈரத்தைச் சுமந்து காய்ந்த தரையில் இரண்டு கோடு போட்டுக்கொண்டே வரும். எல்லாச் சக்கரமும் வைப்பருக்கு முன்னால் இருக்கட்டும். மேலே சொன்னபடி பின்னால் இழுத்து வரும் இயந்திரமானால், பிரஷ்ஷின் இரண்டு பக்கமும் வைப்பர் வைத்து, போகும் திசைக்கேற்ப ஒன்று இறங்கி மற்றது தூக்கும்படி செய்ய வேண்டும்.

இரண்டு, திருப்பம். இயந்திரம் வளையும்போது வைப்பர் நேராகவே இருந்தால், பிரஷ் விட்ட தண்ணீர் வெளிப்பக்கமாகத் தப்பிவிடும். வைப்பரைப் பிரஷ்ஷைவிடச் சில செ.மீ. அகலமாக வையுங்கள், நடுவில் ஒரு கீல் கொடுத்துப் பக்கவாட்டில் ஆட விடுங்கள். வளைந்த வடிவமானால் தண்ணீர் தானாக நடுவுக்குச் சேரும், உறிஞ்சும் வாய் அங்கேதான் இருக்கிறது.

மூன்று, படுக்கை நிலை. இடுக்குக்குள் நுழைக்கக் கைப்பிடியைத் தரையளவு தாழ்த்தும்போது, கைப்பிடியில் மாட்டிய அழுக்குத் தண்ணீர் டேங்க்கும் சேர்ந்து படுக்கும். அப்போது தண்ணீர் உறிஞ்சு மோட்டாருக்குள் போனால் கதை முடிந்தது. மோட்டாருக்குப் போகும் காற்று வாய், நின்றாலும் படுத்தாலும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கும்படி டேங்க் உருவத்தை வரையுங்கள். உள்ளே தடுப்புத் தகடு வையுங்கள். டேங்க் நிரம்பினால் காற்றை அடைக்கும் மிதவை வையுங்கள். மிதவை தண்ணீரைத்தான் அறியும், நுரையை அறியாது. ஆகவே அழுக்கு டேங்க் நல்ல தண்ணீர் டேங்க்கைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். தொல்லையே வேண்டாம் என்றால் இரண்டு டேங்க்கையும் கீழே இயந்திரத் தளத்திலேயே வைத்துவிட்டுக் கைப்பிடியை வெறும் குச்சியாக விடலாம். எடையும் பிரஷ்மேல் விழும். உயரம்தான் இடிக்கும்.

படி 6: கைப்பிடி

கைப்பிடி தளத்தோடு சேரும் இடத்தில் இரு திசையிலும் மடங்கும் இணைப்பு வேண்டும். மணிக்கட்டைச் சற்று முறுக்கினால் தளம் திரும்ப வேண்டும், இடுப்பை வளைக்காமல் கைப்பிடி தாழ வேண்டும். இந்த இணைப்பு வழியாகத்தான் கம்பியும் குழாயும் போகும், ஆயிரக்கணக்கான முறை மடங்கும். கம்பியை இணைப்பின் நடு அச்சு வழியாக விட்டால் இழுபடாது. வெளியே தொங்கவிட்டால் அங்கேதான் முதலில் அறுபடும்.

தூக்குவதையும் யோசியுங்கள். சிறிய இயந்திரத்தைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டுதான் போவார்கள். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் 1991இல் திருத்திய தூக்கும் சமன்பாட்டில், எல்லாமே சாதகமாக இருக்கும் நிலைக்கான அடிப்படை எடையே 23 கிலோதான். படிக்கட்டு சாதகமான நிலை அல்ல. டேங்க்கும் பேட்டரியும் நொடியில் கழன்று, மீதி 15 கிலோவுக்குள் நிற்கட்டும்.

அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு உத்தரவு ஓர் எல்லை தருகிறது: எட்டு மணி நேர வேலைக்குக் கணக்கிட்ட கை அதிர்வு 2.5 மீ/வி² தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. சதுர அதிர்வுத் தளம் போடுகிறவர்கள் எதிர் எடையும் ரப்பர் தாங்கிகளும் வைத்து, கைப்பிடியில் அளந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

படி 7: பேட்டரி

பிரஷ் 140, உறிஞ்சு மோட்டார் 250, பம்ப் 10: மொத்தம் 400 வாட். 40 நிமிடம் ஓட 267 வாட்-மணி. பேட்டரியில் 80 சதவீதம்தான் பயன்படுத்துவோம் என்றால் 333. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்று 3.2 வோல்ட், எட்டு செல் தொடராகப் போட்டால் 25.6 வோல்ட், 13 ஆம்பியர்-மணி. 15 வாங்குங்கள், பழசாகும்போது கை கொடுக்கும். எடை சுமார் 4 கிலோ.

இதை டேங்க்கோடு பொருத்திப் பாருங்கள். 4 லிட்டர் டேங்க், நிமிடத்துக்கு 0.4 லிட்டர்: பத்து நிமிடம். ஒரு சார்ஜுக்கு நான்கு டேங்க். சரியாகப் பொருந்துகிறது. மூன்றரை டேங்க்கில் பேட்டரி தீர்ந்தால் பாதித் தண்ணீரோடு இயந்திரம் நடுவழியில் நிற்கும்.

தாழ்ந்த வோல்ட் என்பதால் ஷாக் பயம் குறைவு, ஆனால் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். பேட்டரி முனைக்கு ஒட்டியே ஃப்யூஸ், செல்களைக் கண்காணிக்கும் பலகை, ஈரம் புகாத இணைப்பி மூன்றும் வேண்டும். விற்கப் போகிறீர்கள் என்றால் தொழில்முறைப் பயன்பாட்டுக்கான இயந்திரங்களுக்கு ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60335-2-67, 60335-2-72 தரங்களையும், வீட்டு உபயோகத்துக்கு 60335-2-10ஐயும் முதல் வாரத்திலேயே படியுங்கள். லித்தியம் பேட்டரியை அனுப்ப யுஎன் 38.3 சோதனைச் சான்று தேவைப்படும். தண்ணீர் புகாத்தன்மைக்கு ஐபிஎக்ஸ்4, அதாவது எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிப்பைத் தாங்குவது, குறைந்தபட்ச இலக்கு.

படி 8: பொருள்கள்

டேங்க்குக்குப் பாலிஎத்திலீன் அல்லது பாலிப்ரொப்பிலீன். சுத்திகரிப்பு ரசாயனம் படும் இடத்தில் பாலிகார்பனேட்டைத் தவிருங்கள். காரத்தன்மை உள்ள கரைசலில் அது வெடித்து விரிசல் விடும். கண்ணாடிபோல் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டுப் பலர் அதில்தான் டேங்க் செய்யப் பார்ப்பார்கள். திருகுகள் துருப்பிடிக்காத எஃகு. சக்கரம் தரையில் கறை விடாத ரகம். எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை சுழல் வார்ப்பு (சூடான அச்சைச் சுழற்றிச் செய்வது) மலிவு. ஆயிரக்கணக்கில் போகும்போது ஊசி வார்ப்புக்கு (உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது) மாறலாம்.

படி 9: சோதனை

தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றை முட்டுக்கொடுத்து உயர்த்தி, அதன்மேல் இயந்திரத்தின் வைப்பரை மட்டும் பொருத்தி ஓட்டிக்கொண்டு அடியிலிருந்து பாருங்கள். தண்ணீரில் கொஞ்சம் நிறம் கலந்தால், பின்பட்டையின் விளிம்பு எங்கே ஒட்டியிருக்கிறது, எங்கே மயிரிழை அளவு தூக்கியிருக்கிறது, நிறத்தண்ணீர் எந்த வெட்டு வழியாக நுழைகிறது என்று பளிச்சென்று தெரியும். பத்துப் பக்கக் கணக்கு சொல்லாததை இது சொல்லும்.

அப்புறம் எடை போடுங்கள். தரையில் 500 கிராம் தண்ணீர் விட்டு, ஒருமுறை ஓட்டி, அழுக்கு டேங்க்கின் எடை எவ்வளவு கூடியது என்று பாருங்கள். நேராக ஒருமுறை, வளைவில் ஒருமுறை, பின்னால் இழுத்து ஒருமுறை. டைல்ஸ் இணைப்புக் கோடு உள்ள தரையில் எண் கட்டாயம் இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் உங்கள் வைப்பரின் தரம்.

கடைசியாக, தினமும் தரை துடைக்கும் ஒருவர் கையில் எந்த விளக்கமும் சொல்லாமல் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள். எந்தப் பொத்தானைத் தேடுகிறார், எங்கே குனிகிறார், அழுக்கு டேங்க்கின் வாய்க்குள் கை நுழைத்துக் கழுவ முடிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். கை நுழையாத டேங்க் சில நாளிலேயே நாறும். வேலை முடிந்ததும் அவர் இயந்திரத்தை எப்படி நிறுத்துகிறார் என்பதையும் கவனியுங்கள்: பிரஷ் தரையில் அழுந்தியபடி விட்டால் முடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், வைப்பர் ரப்பரும் மடிந்த வடிவத்திலேயே நின்றுவிடும். இரண்டும் தரையைத் தொடாமல் நிற்க மடக்குக் கால் ஒன்று வையுங்கள், அது காலால் ஒரு மிதியில் இறங்க வேண்டும்.